8 ஜெயிச்சும் ரன்னர்-அப்: தூத்துக்குடி கேட்ட கேள்விக்கு ஹிரோஷிமாவில் ஒரு பதில்

முதல்லயே சொல்லிடுறேன் மக்களே. இந்தப் பதிவு கிரிக்கெட்ல ஆரம்பிச்சு, நடுவுல பேஸ்பால் பக்கம் போயிட்டு, திரும்ப ஊருக்கே வந்து சேரும். பேஸ்பாலைக் கண்ணால பாத்ததே இல்லைங்கறவங்களும் தாராளமா படிக்கலாம். ஏன்னா விஷயம் ஆட்டத்தைப் பத்தி இல்ல. கடைசியில கப்பை யார் கையில குடுக்கணும்ங்கறதைப் பத்தி.

2017 டிஎன்பிஎல் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? எங்க ஊர்ப் பயலுக யாரைக் கேட்டாலும் சொல்லுவானுக. டூட்டி பேட்ரியாட்ஸ். 2016-ல நடந்த முதல் சீசன்லயே கப்பு அடிச்ச டீம். அந்த ஃபைனல்ல 215 ரன் குவிச்சு, சேப்பாக் சூப்பர் கில்லீஸை 93-க்குச் சுருட்டி, 122 ரன் வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. அடுத்த வருஷம் இன்னும் மோசம் (அதாவது மத்தவங்களுக்கு). லீக்ல 7 மேட்ச், 7-லயும் வெற்றி. முதல் குவாலிஃபையர்லயும் வெற்றி. ஆக 8-க்கு 8. அதுல வாஷிங்டன் சுந்தர்னு ஒரு சின்னப்பையன் ஓப்பனிங் இறங்கி 459 ரன் அடிச்சான், 15 விக்கெட் எடுத்தான், தொடர் நாயகன் ஆனான். அதே டிசம்பர்ல இந்திய டீமுக்கே போயிட்டான்.

ஆகஸ்ட் 20-ஆம் தேதி சேப்பாக்கத்துல ஃபைனல். எதிர்ல மறுபடியும் சேப்பாக் சூப்பர் கில்லீஸ். லீக்ல நாம ஏற்கனவே தோக்கடிச்ச டீம். அன்னைக்கு ராத்திரி அவங்க 6 விக்கெட்ல ஜெயிச்சிட்டாங்க.

அவ்வளவுதான். 9 மேட்ச்ல 8 ஜெயிச்ச டீமுக்குப் பேரு ரன்னர்-அப்.

இதைப் பத்திப் பேச்செடுத்தாலே மெட்ராஸ்கார நண்பன் ஒருத்தன் வாட்ஸப்ல உடனே வந்துடுவான். "ஃபைனல்னா ஃபைனல்தான் மச்சி. லீக்ல ஜெயிச்சா லீக்கைக் கட்டிப் புடிச்சுத் தூங்கு." இதுக்கு எங்க ஊர்ப் பாஷையில பதில் சொல்லலாம்தான், இது குடும்பத்தோட படிக்கிற பதிவுங்கறதால விடுறேன் :-) ஆனா அவன் சொல்றதுல இருக்குற லாஜிக்கைக் கொஞ்சம் நோண்டிப் பாத்தாகணும். ஏன்னா உலகத்துல எல்லாரும் அப்படி நினைக்கல. ஜப்பான்காரன் நினைக்கல.

எங்க ப்ராஜெக்டுக்கு கிளையண்ட் ஜப்பான். அக்டோபர் வந்துட்டா கால்ல முதல் 5 நிமிஷம் பேஸ்பால்தான் ஓடும். அப்படிக் காதுல விழுந்ததுதான் 'க்ளைமாக்ஸ் சீரிஸ்'. பேரைக் கேட்டதும் நம்ம சினிமா ஞாபகம் வந்துடும், ஆனா நிஜமாவே அதான் பேரு.

கதை இதுதான். ஜப்பான் ப்ரொஃபஷனல் பேஸ்பால்ல ரெண்டு லீக், சென்ட்ரல், பசிபிக். ஒவ்வொண்ணுலயும் 6 டீம். ஒரு சீசனுக்கு ஒரு டீம் ஆடுறது 143 மேட்ச். (ஆமா, நூத்தி நாப்பத்தி மூணு. நம்மாளுங்க 7 மேட்சுக்கே களைச்சுப் போறாங்க.) அது முடிஞ்சதும் ஒவ்வொரு லீக்லயும் முதல் 3 டீம் ப்ளே-ஆஃபுக்கு வரும். 2-ஆவது டீமும் 3-ஆவது டீமும் முதல்ல மோதும். 3 மேட்ச், எல்லாமே 2-ஆவது டீமோட ஊர்லயே. அதுல ஜெயிக்கிறவன் முதலிடத்துல இருக்குறவனைப் போய்ப் பாக்கணும். அங்க தான் விஷயமே இருக்கு. எல்லா மேட்சும் முதலிடத்துக்காரனோட மைதானத்துல. 4 வெற்றி எடுத்தவன் ஜப்பான் சீரிஸ்ங்கற பெரிய ஃபைனலுக்குப் போவான். ஆனா முதலிடத்துக்காரன் ஆட்டத்தை ஆரம்பிக்கும்போதே ஸ்கோர் 1-0. பந்து போடறதுக்கு முன்னாடியே ஒரு வெற்றி அவன் கணக்குல வரவு வச்சிருப்பாங்க. ரெண்டு பேரும் சமமா முடிச்சாலும் மேல இருக்குறவன்தான் அடுத்த ரவுண்டுக்குப் போவான்.

கேட்டதும் எனக்குத் தோணினது, "இது என்ன ஓசி வெற்றி?" யோசிச்சா ஓசி இல்ல. ஏப்ரல்லேர்ந்து ஆறு மாசம் உழைச்சதுக்குக் கூலி.

இந்த ஏற்பாடு ஒரே நாள்ல வரல. அடிபட்டுத்தான் வந்திருக்கு. 2004-லயும் 2005-லயும் பசிபிக் லீக்ல வேற விதி. ப்ளே-ஆஃப்ல ஜெயிக்கிறவனுக்கே லீக் சாம்பியன் பட்டம்னு வச்சிருந்தாங்க. முதலிடத்துக்காரன் 5 கேமோ அதுக்கு மேலயோ முன்னால இருந்தா மட்டும்தான் அந்த 1 வெற்றி சலுகை. ஃபுகுவோகா ஹாக்ஸ் ரெண்டு வருஷமும் பட்டியல்ல முதலிடம். ரெண்டு வருஷமும் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 4.5 கேம். ரெண்டு வருஷமும் சலுகை கிடைக்கல, ரெண்டு வருஷமும் ப்ளே-ஆஃப்ல அவுட்டு. 2004-ல செய்பு லயன்ஸ் பட்டத்தைத் தூக்கிட்டுப் போச்சு, 2005-ல சிபா லோட்டே. அரை கேம்ல போன மானம். நம்ம வடிவேலு காமெடி எல்லாம் பக்கத்துல நிக்க முடியாது.

2007-ல ரெண்டு லீக்கும் சேர்ந்து க்ளைமாக்ஸ் சீரிஸ்னு கொண்டு வந்தப்போ ஒரு விஷயத்தைத் தெளிவா முடிவு பண்ணிட்டாங்க. பட்டியல்ல முதலிடம் வந்தவன்தான் லீக் சாம்பியன். ப்ளே-ஆஃப்ல என்ன ஆனாலும் அந்தப் பட்டம் பறிபோகாது. ப்ளே-ஆஃப் ஜெயிக்கிறவனுக்குக் கிடைக்கிறது ஜப்பான் சீரிஸுக்கான டிக்கெட் மட்டும்தான். அந்த முதல் வருஷமே சென்ட்ரல் லீக் சாம்பியன் யோமியூரி ஜயண்ட்ஸை 2-ஆவதா வந்த சூனிச்சி டிராகன்ஸ் 3-0-னு துடைச்சு எடுத்துச்சு. அடுத்த வருஷம், 2008-லேர்ந்து, அந்த 1 வெற்றி சலுகையும் சேர்ந்துக்கிச்சு.

இப்போ 2017-க்கு வருவோம். அதே 2017.

தூத்துக்குடி தோத்து ரெண்டு மாசம் கழிச்சு, அக்டோபர்ல, ஹிரோஷிமா டோயோ கார்ப்னு ஒரு டீம். ஹிரோஷிமாவும் கடற்கரை ஊர்தான், துறைமுக ஊர்தான். டோக்கியோ, ஒசாகா மாதிரி பெரிய ஊர் கிடையாது. கார்ப் 143 மேட்ச்ல 88 ஜெயிச்சு முதலிடம். 3-ஆவதா வந்த யோகோஹாமா பேஸ்டார்ஸ் 14.5 கேம் பின்னால. கிரிக்கெட்ல சொல்லணும்னா, அடுத்த ரெண்டு வாரம் இவன் தினமும் தோத்து அவன் தினமும் ஜெயிச்சாக்கூட எட்டிப் புடிக்க முடியாத தூரம். க்ளைமாக்ஸ் சீரிஸ் கடைசி ரவுண்டு. 1-0 சலுகை கையில. முதல் மேட்ச் மழையில 5 இன்னிங்ஸோட முடிஞ்சு கார்ப் ஜெயிச்சது. ஆக 2-0. அதுக்கப்புறம் வரிசையா 4 மேட்ச், சொந்த மண்ணுல, 4-லயும் தோல்வி. போச்சு.

சலுகை குடுத்தும் தோத்தாங்க, சரிதானே? சரிதான். ஆனா எங்க கிளையண்ட் டீம்ல ஒரு ஹிரோஷிமாக்காரர் இருக்காரு. அவர்கிட்ட 2017-ஐப் பத்திக் கேட்டேன். ரொம்ப வருத்தப்படுவாருன்னு நினைச்சா, முகம் சுருங்காம சொன்னாரு: "அந்த வருஷம் லீக் சாம்பியன் நாங்கதான்." 2016, 2017, 2018 மூணு வருஷமும் தொடர்ந்து சென்ட்ரல் லீக் சாம்பியன் கார்ப். அதுல ஒரு தடவைகூட ஜப்பான் சீரிஸ் ஜெயிக்கல. கடைசியா அவங்க ஜப்பான் சீரிஸ் ஜெயிச்சது 1984-ல! ஃபைனல் மட்டும்தான் கணக்குன்னா அந்த ஊருக்கு 40 வருஷத்துக்கு மேல வெறும் பூஜ்யம். லீக் பட்டமும் கணக்குங்கறதால அவங்க அப்பன், புள்ள, பேரன் எல்லாருக்கும் சொல்லிக்க ஒரு வருஷம் இருக்கு.

எங்களுக்கு 2017-ல சொல்லிக்க என்ன இருக்கு? ரன்னர்-அப். விக்கிபீடியால ஒரு வரி.

இதான் நான் சொல்ல வர்றது. ஃபைனலை எடுக்கச் சொல்லல. தோத்தவனுக்குக் கப்பு குடுக்கச் சொல்லல. பட்டியல்ல முதலிடம் வர்றதுக்குன்னு தனியா ஒரு பட்டம் வேணும். பேரோட, கோப்பையோட, ரெக்கார்டுல தனி வரியோட.

"அதெல்லாம் ஜப்பான்ல நடக்கும், இங்க நடக்குமா"ன்னு கேக்குறவங்களுக்கு: இங்கயே நடந்திருக்கு. ஐஎஸ்எல் ஃபுட்பால்ல 2019-20 சீசன்லேர்ந்து லீக் வின்னர்ஸ் ஷீல்டுன்னு ஒண்ணு குடுக்க ஆரம்பிச்சாங்க. முதல்ல வாங்கினது எஃப்சி கோவா. அந்த வருஷம் செமிஃபைனல்ல கோவாவைத் தூக்கினது யாரு? நம்ம சென்னையின் எஃப்சி. 4-ஆவது இடத்துல தட்டுத்தடுமாறி உள்ள வந்து, ரெண்டு மேட்சும் சேர்த்து 6-5-னு ஜெயிச்சாங்க. நானும் குதிச்சேன், இல்லைங்கல. அப்புறம் ஃபைனல்ல ஏடிகேகிட்ட 3-1-னு தோத்தாங்க, அது வேற விஷயம். ஆனா கோவாவுக்கு அந்த ஷீல்டு அலமாரில அழகுக்கு வைக்கிற சாமான் இல்ல. அதை வச்சுத்தான் ஆசிய சாம்பியன்ஸ் லீக் க்ரூப் ஸ்டேஜ்ல ஆடுற முதல் இந்திய கிளப் ஆச்சு. ஃபைனல் பரபரப்பும் குறையல, பட்டியல் உழைப்பும் வீணாகல. ரெண்டும் ஒரே வீட்டுல குடித்தனம் நடத்த முடியுது.

டிஎன்பிஎல், ஐபிஎல் காரங்களுக்கு மட்டும் ஏன் முடியாது? முதலிடத்துக்காரனுக்கு இப்போ இருக்குற ஒரே சலுகை, குவாலிஃபையர்ல தோத்தா இன்னொரு சான்ஸ். இந்த முறை புதுசு ஒண்ணும் கிடையாது, 1931-ல ஆஸ்திரேலியாவுல விக்டோரியா ஃபுட்பால் லீக்ல வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனா இதுல ஒரு கூத்து இருக்கு பாத்துக்கிடுங்க. முதல் குவாலிஃபையர்ல ஜெயிச்சவனுக்கு அந்த சலுகையால ஒரு பிரயோஜனமும் இல்ல. தோத்தவனுக்குத்தான் ரெண்டாவது சான்ஸ். ஜெயிச்சுக்கிட்டே வந்தவன் தன்னோட முதல் தோல்வியிலேயே வீட்டுக்குப் போகணும். 2017 தூத்துக்குடிக்கு நடந்தது அதேதான். சீசன் முழுக்க ஒரே ஒரு தோல்வி, அதுவும் ஃபைனல்ல. அந்த ரெண்டாவது சான்ஸ் அவங்களுக்கு வேண்டிய நேரத்துல இல்ல.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாத்தேன் (இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதாவது உபயோகப்படட்டும்). 10 தடவை மோதினா 7 தடவை ஜெயிக்கிற டீம்னு வச்சுக்குவோம். டி20-ல அது பெரிய ஆதிக்கம். ஒரே ஒரு ஃபைனல்னா அவங்க கப்பு அடிக்க வாய்ப்பு 70 சதவீதம். 3-ல 2 ஜெயிக்கணும்னு வச்சா 78.4. அதுலயே ஜப்பான் ஸ்டைல்ல 1 வெற்றி முன்கூட்டியே குடுத்தா 91. அதாவது ஒத்தை ஃபைனல்ல, எதிரியை விட அவ்வளவு தூரம் பெரிய டீமும் 10-க்கு 3 தடவை மண்ணைக் கவ்வும். இது நியாயம் அநியாயம்ங்கறதை விடுங்க, சீசன் முழுக்க யாரு பெஸ்ட்டுங்கற கேள்விக்கு இந்த ராத்திரி பதில் சொல்லாது. அந்த ராத்திரி யாரு பெஸ்ட்டுன்னு மட்டும்தான் சொல்லும்.

எங்க ஊர்ல முத்துக்குளிப்பு நடந்த காலத்துல சிப்பியைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமா ஏலம் விடுவாங்க. எடுத்தவனுக்கு உள்ள முத்து இருக்கா வெறும் சதை இருக்கான்னு திறந்தாத்தான் தெரியும். ஏலத்துல ஒரு கிக் இருந்திருக்கும், சந்தேகமே இல்ல. அதுக்காக முங்கி எடுத்தவனோட பங்கை யாரும் அந்த ஏலத்துல பணயம் வைக்கல. அவன் பங்கு சிப்பியை முதல்லயே பிரிச்சுக் குடுத்துட்டுத்தான் மிச்சத்தை ஏலம் விட்டாங்க.

சரி, எதிர்க்கட்சி என்ன சொல்லும்? "டிஎன்பிஎல்ல 7 மேட்ச்தான். 143 மேட்ச் ஆடுற ஜப்பானோட எப்படி ஒப்பிடுவே? 7 மேட்ச் பட்டியலுக்கு ஒரு பட்டமா?" நியாயமான கேள்வி. என் பதில்: 7 ரொம்பச் சின்னதுன்னா, 1 அதைவிடச் சின்னது.

இன்னொண்ணு, "கீழ இருக்குறவன் மேல வர்றதுதானே விளையாட்டோட அழகு." ஒத்துக்கறேன், முழுசா. ஜப்பான்ல 2010-ல சிபா லோட்டே 3-ஆவதா வந்து, கடைசி ரவுண்டுல 1-3-னு பின்னால இருந்து 4-3-னு திருப்பி, ஜப்பான் சீரிஸையும் அடிச்சாங்க. 2024-ல யோகோஹாமா பேஸ்டார்ஸ் 71 வெற்றி, 69 தோல்வின்னு நூலிழையில 3-ஆவதா உள்ள வந்து, 91 மேட்ச் ஜெயிச்ச சாஃப்ட்பேங்க் ஹாக்ஸை ஃபைனல்ல சாய்ச்சாங்க. கேக்கவே நல்லாருக்கு. ஐபிஎல்லயும் 2009-ல 4-ஆவதா வந்த டெக்கான் சார்ஜர்ஸ் கப்பு அடிச்சது. 2011-ல பட்டியல்ல முதலிடம் வந்த பெங்களூரை சேப்பாக்கத்துல நம்ம சிஎஸ்கே போட்டு மிதிச்சப்போ நீங்களும் நானும் இந்த நியாயம் எதுவும் பேசல :-) அந்த சந்தோஷம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். 2024-ல யோகோஹாமாவுக்கு ஜப்பான் சாம்பியன் பட்டம் கிடைச்சது, ஆனா அந்த வருஷ சென்ட்ரல் லீக் சாம்பியன் ஜயண்ட்ஸ்தான், பசிபிக் லீக் சாம்பியன் சாஃப்ட்பேங்க்தான். யாரோடதையும் யாரும் புடுங்கல.

அந்த 1 வெற்றி சலுகை நமக்கு வேணுமான்னு கேட்டா, எனக்கு அவ்வளவு இஷ்டம் இல்ல. 2025-ல பசிபிக் லீக் கடைசி ரவுண்டுல சாஃப்ட்பேங்கும் நிப்பான்-ஹாம் ஃபைட்டர்ஸும் மோதினாங்க. களத்துல ஆளுக்கு 3 வெற்றி. சலுகையைச் சேர்த்து 4-3-னு சாஃப்ட்பேங்க் போச்சு. ஃபைட்டர்ஸ் ரசிகனா இருந்தா எனக்கு வயிறு எரிஞ்சிருக்கும். சாஃப்ட்பேங்க் ரசிகனா இருந்தா 143 மேட்சைக் காட்டி வாயை அடைச்சிருப்பேன். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா நம்ம ஊர் கிரிக்கெட்ல ஃபைனலை 3 மேட்சா ஆக்கினா என்ன குடி முழுகிடும்? ஆஸ்திரேலியாவுல முத்தரப்புத் தொடருக்கு அப்படித்தான் வச்சிருந்தாங்க. 2008-ல சிட்னியில சச்சின் 117, பிரிஸ்பேன்ல 91 அடிச்சு நாம 2-0-னு ஜெயிச்சது 3 மேட்ச் ஃபைனல்தான். போரடிச்சதா யாராவது சொன்னீங்களா? டிவிக்காரனுக்கும் ரெண்டு நாள் கூடுதல் விளம்பரம்.

அது நடக்கலைன்னாலும் பரவாயில்ல. பட்டம் ஒண்ணு போதும்.

தூத்துக்குடிக்கு இது ஏன் கூடுதலா உறுத்துதுன்னா, அந்த டீமே இப்போ இல்ல. டூட்டி பேட்ரியாட்ஸ் 2021-ல சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆயிடுச்சு. இருந்த காலத்துலயும் ஊர்ல ஒரு டிஎன்பிஎல் மேட்ச் நடந்தது கிடையாது. தருவை மைதானம் பக்கத்துல குடியிருந்தவனும் பஸ் ஏறி திருநெல்வேலி சங்கர் நகருக்குப் போய்த்தான் 'நம்ம டீமை'ப் பாக்கணும். ஹிரோஷிமாவுல 1951-ல கார்ப் கிளப் காசில்லாம மூடுற நிலைமைக்கு வந்தப்போ, மைதானத்து வாசல்ல சாக்கே பீப்பாயை வச்சாங்க, மேட்ச் பாக்க வந்த சனம் கையில இருந்த காசை அதுல போட்டுக் காப்பாத்திச்சு. அணுகுண்டு விழுந்து ஆறே வருஷம் ஆன ஊரு அது. டீம் ஊரை விட்டுப் போகல. எங்களுக்குப் பீப்பாய் வைக்க ஒரு வாசலே இல்ல, டீம் சேலத்துக்குப் போன சேதியையே பேப்பர்ல படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். (சேலத்துக்காரங்க மேல கோவம் எதுவும் இல்லை. மாம்பழம் அனுப்புங்க.)

டீமும் இல்ல, மைதானமும் இல்லைன்னா மிச்சம் இருக்குறது ரெக்கார்டு மட்டும்தான். அந்த ரெக்கார்டுல 2017-க்கு நேரா தூத்துக்குடியோட பேரு 'தோத்தவன்' காலத்துல இருக்கு. 8 வெற்றி எந்தக் காலத்துலயும் இல்ல.

இதை தூத்துக்குடிக்காரனோட புலம்பல்னு தள்ளிடாதீங்க. 2025 டிஎன்பிஎல்ல லீக் 7 மேட்சையும் ஜெயிச்ச டீம் எது தெரியுமா? சாட்சாத் சேப்பாக் சூப்பர் கில்லீஸ். முதல் குவாலிஃபையர்ல திருப்பூர்கிட்ட தோத்து, ரெண்டாவது குவாலிஃபையர்ல திண்டுக்கல்கிட்ட தோத்து, ஃபைனலுக்கே வராம போச்சு. கப்பு திருப்பூருக்கு. 2017-ல எங்களுக்காவது ரன்னர்-அப்னு ஒரு பேரு. அவங்களுக்கு அதுவும் இல்ல. அன்னைக்கு ராத்திரி மெட்ராஸ் நண்பனுக்கு, "லீக்கைக் கட்டிப் புடிச்சுத் தூங்கு மச்சி"ன்னு ஒரு மெசேஜ் தட்டினேன். ரெண்டு டிக் விழுந்துச்சு, நீலமும் ஆச்சு. பதில் இன்னும் வரல.

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துல யாராவது தப்பித் தவறி இதைப் படிச்சா ஒரு விண்ணப்பம். அடுத்த சீசன்லேர்ந்து முதலிடத்துக்கு ஒரு ஷீல்டு குடுங்க. அப்படியே 2016-லேர்ந்து ஒவ்வொரு வருஷமும் பட்டியல்ல முதல்ல வந்த டீம் பேரைப் பின்தேதியிட்டு அதுல பொறிச்சிடுங்க. செலவு ஒரு பித்தளைத் தகடு. 2017-க்கு நேரா தூத்துக்குடின்னு தமிழ்லயே எழுதுங்க, 'டூட்டி' வேண்டாம்.

சேப்பாக்கம் ரசிகர்கள் பின்னூட்டத்துல வரிசையா வந்து கும்மலாம். 2025-ஐ மனசுல வச்சுக்கிட்டு வாங்க.